இடப்பக்கத் திருப்பத்தில் மட்டும்

1

இக்கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். சென்ற தை மாதம் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஒரு ஷேர் காரில் மலையிறங்கினேன். வண்டி இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் 'டக் டக் டக்' என்றது. அது என்ன சத்தம் என்று ஓட்டுநரைக் கேட்டேன். அவர் பாட்டின் ஒலியைக் கூட்டினார். சத்தம் மறைந்தது. கீழே வந்து சேரும்வரை நான் மறுமுறை கேட்கவில்லை. (அந்த மௌனத்துக்கு ஈடாகவே இதை எழுதுகிறேன்.)

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"கொண்டையூசி வளைவுகளில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தபோது ஈஸ்வரியின் கார்—"

மேகம் வேண்டாம். அதற்கும் பழுதுக்கும் தொடர்பில்லை.

"ஈஸ்வரி துணிச்சலான பெண்—"

ஓட்டிக் காட்டட்டும், நான் சொல்லத் தேவையில்லை.

"ஈஸ்வரியின் காரில் ஏறச் செல்லியம்மாள் மறுத்துவிட்டார்."

இது நிற்கும்.

3

ஈஸ்வரிக்கு அந்தக் கார்தான் பிழைப்பு. நாள்தோறும் காலையில் நான்கு பேரை மலையிலிருந்து இறக்கி, மாலையில் ஏற்றி வருவார். முன்னிருக்கை செல்லியம்மாளுடையது. சத்தம் தொடங்கிய மூன்றாம் வாரம் அவர் நடுவழியில் இறங்கிக்கொண்டார். பின்னிருக்கையில் இருந்த மூவரும் இறங்கினார்கள். நாளையும் ஏறாவிட்டால் ஜீப்புக்கு மாறிவிடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள்.

"வண்டின்னா சத்தம் வரும் அத்தை. உன் முட்டி சத்தம் போடலியா?"

"என் முட்டிய நம்பி நாலு பேரு வளைவுல ஏறலியே, ஈசு."

இந்தப் பதிலை நான் எழுதவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆகவே சொல்லவில்லை.

ஈஸ்வரி வாணியம்பாடிக்குப் போனார். அங்கே மெக்கானிக் சத்தார் காரை நெடுஞ்சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"ரோடு நேரா இருந்தா இது வாயத் தொறக்காதும்மா. நானே மேல வர்றேன்."

4

என் முதல் வரைவில், மலையேறி வந்த சத்தார் இடப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றினார். இடப்பக்கம் திரும்பினால் சத்தம். ஆகவே பழுது இடச்சக்கரத்தில். என் தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சத்தார் மட்டும் ஸ்பேனரைக் கையில் எடுக்க மறுத்தார்.

"இன்னா சார் எழுதி வெச்சிருக்கீங்க? பஸ்ஸு இடது பக்கம் திரும்புனா நீங்க எந்தப் பக்கம் சாயறீங்க?"

"வலப்பக்கம்."

"வண்டியும் அப்பிடித்தான். பாரம் பூரா வலது சக்கரத்துக்குப் போவும். கத்தறது அதான்."

(திருத்திவிட்டேன். பிழையை அழிக்காமல் வைத்திருப்பது பணிவினால் அன்று. இந்தப் பகுதியில் வேறொன்றும் இல்லை.)

5

இங்கே ஒரு குறுக்குவழி தென்பட்டது. சத்தார் வண்டிக்கடியில் படுப்பதற்குள், ஈஸ்வரி இடக்கதவைத் திறந்து குலுக்கினார். கதவுப்பை கிழிந்திருந்தது, அதன் வழியாக உள்ளே விழுந்திருந்த புளியங்கொட்டைகள் உருண்டன. இருபத்து மூன்று.*

"இதான் பாய்! இதான் இத்தினி நாளா!" ஈஸ்வரி சிரித்தார். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

ஒப்புக்கொள்கிறேன்: அந்தக் கொட்டைகளை அங்கே போட்டவன் நான். செலவில்லாத முடிவு, வாசகரும் புன்னகைப்பார். அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியும் விட்டேன்:

"மறுநாள் காலை அனைவரும் நிம்மதியாக—"

அருகில் நின்றிருந்த செல்லியம்மாள் ஈஸ்வரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கொட்டை கலகலன்னும். நான் கேட்டது டக்கு டக்குன்னுச்சு. சரி, கொட்டதான்னு எழுதிட்டே. நாளைக்கு என் சீட்டுல நீ ஏறுவியா, சாமி?"

* நான் 'சில' என்றுதான் எழுதியிருந்தேன். எண்ணியவர் ஈஸ்வரி.

6

எழுதுமேசையிலிருந்து பார்த்தபோது அந்தச் சாலை எனக்கு ஒரு சொல். முன்னிருக்கையில் அமர்ந்து பார்த்தேன். முதல் வளைவில் தடுப்புச்சுவர் இல்லை. அதை நான் எழுத மறந்திருந்தேன்.

இறங்கினேன். "தயவுசெய்து அடியில் ஒருமுறை பாருங்கள்" என்று சத்தாரிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே படுத்துவிட்டிருந்தார்.

வலப்பக்க ஆக்சிலின் நுனியில் இருந்த ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் முழுவதும் சக்கரத்தின் உட்புறம் தெறித்திருந்தது. ஆக்சிலைச் சக்கரத்தோடு இணைக்கும் ஜாயிண்டு காய்ந்து, உள்ளே மண்.

"பத்து நாள் தாங்கும். இல்ல, பத்து திருப்பம். சொல்ல முடியாது."

ஈஸ்வரியின் சிரிப்பு நின்றது. "தெரிஞ்சேதான் ஓட்டிட்டு இருந்தேன் பாய்" என்றார் மெதுவாக. "தெரியாத மாதிரி."

புது ஜாயிண்டைச் சத்தார் கீழிருந்தே பையில் கொண்டுவந்திருந்தார். என் கதையில் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே நம்பிக்கை இல்லை.

7

மாட்டியாயிற்று. பள்ளி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக இடப்பக்கம் ஒடித்து ஈஸ்வரி மூன்று சுற்று வந்தார். சத்தமில்லை. அவர் முகம் மலர்ந்தது. சத்தார் கையை உயர்த்தினார்.

"காலி வண்டி பொய் சொல்லும்மா. அன்னிக்கி நாலு பேரு இருந்தாங்க இல்ல? நாலு பேரு ஏறட்டும். மெதுவா முதல் வளைவு வரைக்கும் போய்ட்டு வரலாம்."

சத்தார் பின்னால் ஏறினார். செல்லியம்மாள் ஒரு கணம் நின்று, முன்னிருக்கையை எனக்குச் சுட்டிக்காட்டிவிட்டு, முணுமுணுத்தபடி அவரும் பின்னால் ஏறினார். நான் அமர்ந்து இருக்கைப்பட்டையை மாட்டிக்கொண்டேன்.

மூவர்தான். பின்னிருக்கையில் வந்துகொண்டிருந்த அந்த மூவருக்கு நான் முகம்கூடக் கொடுக்கவில்லை; இந்தக் கதையில் வேறு ஆள் இல்லை. இனி ஒருவரை உருவாக்கினால் அவருக்கு எடை இருக்காது.

செல்லியம்மாள் சற்று நகர்ந்து இடம் விட்டிருக்கிறார். கதவு திறந்திருக்கிறது. ஈஸ்வரி பாட்டை நிறுத்திவிட்டார். முதல் வளைவு இடப்பக்கம்.

ஏறிக்கொள்ளுங்கள். என்ன கேட்டது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.