வல்லூறின் மேல் போட்ட பழி

1

இந்தக் கதை ஒரு கறுப்புக் குடையில் தொடங்கியது. ஆனால் எழுதச் சொன்னவளிடம், வல்லூறில் தொடங்குகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆறு வாரமாக அந்தப் பொய்யைக் கட்டிக் காப்பாற்றி வருகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. நாலு நாள் மழை விட்டு வெயில் அடிக்கிறது, தேநீரும் நன்றாக அமைந்துவிட்டது. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

எழுதச் சொன்னவள் என் மனைவி. மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை அவளுக்கு. மொட்டை மாடியில் இருபத்தாறு பந்தயப் புறாக்கள் வளர்க்கிறாள். அவளுடைய புறாப் பந்தயச் சங்கம் ஆண்டு மலர் போடப் போகிறதாம்.

"டீச்சர் எப்படி வல்லூறுகிட்டேர்ந்து தப்பிச்சு வந்தாங்கறத எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும். உங்க இஷ்டத்துக்கு இழுத்துடாதீங்க" என்றாள்.

டீச்சர் என்பது ஒரு பெண் புறா.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் பிழை எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. என் பிழை என்று வரும்போது மட்டும் இந்தக் கண்—

(இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். முதல் பக்கத்திலேயே மூக்கைச் சிந்தினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

2

"நான்" என்று எழுதினால் பேனா சண்டித்தனம் செய்கிறது. ஆகவே கதைக்குள் என்னைக் "கணவன்" என்றே குறிப்பிடப் போகிறேன். கணவன் நான்தான். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டால் தைரியம் வருகிறது, அவ்வளவுதான்.

முதல் தொடக்கம்: "வானம் கறுத்திருந்தது." இந்த வாக்கியத்தை அச்சகத்தில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "மேகத்தின் மடியிலிருந்து வல்லூறு பக்கவாட்டில் பாய்ந்து வந்தது." இதைப் பெருமையாக அவளிடம் நீட்டினேன். கடையில் எண் குறிக்கிற பென்சிலை அவள் வீட்டிலும் காதில்தான் செருகியிருப்பாள். அதை எடுத்து ஓரத்தில் எழுதினாள்: "வல்லூறு பக்கவாட்டில் வராது. மேலே ஏறி நின்று தலைகீழாக விழும். மேகத்துக்கு மடி கிடையாது."

சும்மா சொல்லக் கூடாது, என் எழுத்தை இவ்வளவு கவனமாக வேறு யாரும் படிப்பதில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

3

மூன்றாவது தொடக்கம், அலங்காரம் இல்லாமல்.

பந்தயம் நானூறு கிலோமீட்டர். சங்கத்தின் நாற்பத்து மூன்று புறாக்களை முதல் நாளே கூடைகளில் அடைத்து லாரியில் அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொன்றின் காலிலும் எண் போட்ட ரப்பர் வளையம். காலையில் அங்கே திறந்துவிட்டால் ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குப் பறந்து வர வேண்டும். வீட்டுக்கு மேலே வந்தால் மட்டும் போதாது. கூண்டுக்குள் நுழைய வேண்டும், வளையத்தைக் கழற்ற வேண்டும், அதைக் கடிகாரப் பெட்டிக்குள் போட்டு அழுத்த வேண்டும். அப்போது பதிகிற நேரம்தான் கணக்கு.*

(* எதிர்வீட்டு ஆன்டெனாவில் உட்கார்ந்து பதினெட்டு நிமிடம் இறகு கோதிக்கொண்டிருந்த ஒரு புறாவால் அவள் ஒருமுறை தோற்றிருக்கிறாள். அந்த ஆன்டெனாவை இன்றும் முறைத்துவிட்டுத்தான் மாடி ஏறுவாள்.)

டீச்சருக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கண்ணாடி போட்ட மாதிரி. தலையை ஆட்டி ஆட்டி நடப்பதைப் பார்த்தால் நோட்டுத் திருத்திக்கொண்டே வகுப்பில் உலாவுகிற மாதிரி இருக்கும். கூண்டில் பத்து நாள் குஞ்சு ஒன்று இருந்தது. குஞ்சை விட்டு வந்த தாய் நிற்காமல் வீட்டுக்குப் பறக்கும் என்பது புறாக்காரர்கள் அனுபவம். மனைவி அதற்காகவே டீச்சரை அனுப்பினாள். அனுப்பிய பிறகு அதற்காகவே தூக்கம் கெட்டாள். ஏழு வருடத்தில் அவள் புறா ஒரு முறைகூட முதலில் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குச் சங்கச் செயலாளர் போன் செய்தார். பேக்கரி நடத்துகிறவர், லாரியோடு போயிருந்தார்.

"தங்கச்சி, இங்க ஒரே மழை. மேகம் தலையில இடிக்குது. பாதிப் பேரு விடுங்கறாங்க, பாதிப் பேரு வேணாங்கறாங்க. நீ என்னம்மா சொல்ற?"

"மேகம் கலையட்டும்ணே. இப்ப விட்டீங்கன்னா எல்லாம் தரையோட தரையா வரும். வழியில குன்று இருக்கு, அங்க வல்லூறு இருக்கு. நாமளே பந்தி வெச்ச மாதிரி ஆயிடும்."

"எவ்வளவு நேரம்தான் பாக்கறது?"

"பறக்கப் போறது அதுங்கதானே? நமக்கென்ன அவசரம்?"

ஏழு நாற்பதுக்கு அங்கே மழை விட்டது. கூடைகளைத் திறந்தார்கள். பாதி வழியில் அது மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

4

காலையிலிருந்து மனைவி மாடியில் நனைந்துகொண்டே நின்றாள். குடை பிடிக்க மாட்டாள். ஏன் என்று கணவன் கேட்டதில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவன் மாடிக்குப் போனதே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

மதியம் ஒன்றே முக்காலுக்கு மேல், அவள் பல் கிட்டிப்போய் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் அவன் மேலே வந்தான்.

"போய்த் துணிய மாத்திட்டு வா. நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"புறா வந்தா கூப்பிடறேன். இது தெரியாதா?"

அவள் அரை மனதோடு இறங்கிப் போனாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். மழை விட்டிருந்தது. இரண்டு பத்துக்குத் தூறல் விழவும், கடிகாரப் பெட்டி நனைந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அவன் குடையை விரித்து—

(பொய். கடிகாரப் பெட்டி நனையாமலிருக்க அதற்கென்றே தகரக் கூரை இருக்கிறது. மறுபடி எழுதுகிறேன்.)

4

அவன் அச்சகத் தாள்களையும் கையோடு மாடிக்குக் கொண்டுபோயிருந்தான். தண்ணீர் மோட்டார் கையேடு ஒன்றின் மெய்ப்பு. வானத்தைப் பார்க்க வேண்டியவன் பதினேழாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாளில் இரண்டு சொட்டு விழுந்தது. பதறிப்போய், வரும்போது கொண்டுவந்திருந்த கறுப்புக் குடையை எடுத்து, படாரென்று விரித்தான்.

அதே நேரம் தலைக்கு மேலே ஒரு சிறகோசை. நிமிர்ந்தான். டீச்சர். இறக்கையைக் குவித்து, கூண்டு வாசலுக்கு நேரே, இரண்டு ஆள் உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுற்றிய அந்த வெள்ளை வளையம்கூடத் தெரிந்தது. நானூறு கிலோமீட்டர் மழையில் வந்தவளுக்கு வீட்டு வாசலில் கறுப்பாக ஏதோ சிறகு விரிப்பது தெரிந்தது. அப்படியே நடுவானில் உதறிக்கொண்டு திரும்பினாள். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஏறி, மழைக்குள் போய்விட்டாள்.

அவன் குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தான். மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே மேலே வந்தாள்.

"ஏதாச்சும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரலியே."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

5

அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது ஒரு லாரி மெக்கானிக்கின் புறா. கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டு பத்துக்கு டீச்சர் கூண்டுக்குள் போயிருந்தால் அவள்தான் முதல். கணவன் அந்தக் கணக்கை மோட்டார் கையேட்டின் பின்பக்கத்தில் நான்கு தடவை போட்டான். நான்கு தடவையும் ஒரே விடைதான் வந்தது.

திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. மனைவி கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூண்டு வாசலைத் திறந்தே வைத்திருந்தாள். ஆண் புறா தனியாகவே குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. அவன் தினமும் மூன்று வேளை மாடி ஏறினான். பதினோரு வருடத்துக்கும் சேர்த்து அந்த மூன்று நாளில் ஏறிவிட்டான்.

(இங்கே ஒரு மாற்று முடிவு இருந்தது. அச்சக மேனேஜர் யோசனை: "புறாவ சாகடிச்சிடுங்க சார். அப்பத்தான் கதை நிக்கும்." எழுதியும் பார்த்தேன். குன்றின் அடியில் நாலு இறகு கிடப்பதாக ஒரு பத்தி, நன்றாகவே வந்திருந்தது. அதே நேரம் மாடியில் டீச்சர் தானியத் தட்டைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. உயிரோடு இருக்கிறவளைக் காகிதத்தில் கொன்றுவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பது? கிழித்துப் போட்டேன்.)

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு புறா நடந்து வந்தது. தலையை ஆட்டி ஆட்டி வந்தது. வால் முழுக்கக் காணோம். இடுப்பில் காய்ந்த கீறல். யாரையும் ஏறெடுத்தும் பார்க்காமல் கூண்டுக்குள் போய்க் குஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தது.

மனைவி அழுதாள். கணவனும் அழுதான். மழைக்காலம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை என்று எழுதலாம்தான், ஆனால் அன்று சுள்ளென்று வெயில். நன்றாகவே தெரிந்தது.

அவள் கீறலுக்கு மருந்து போட்டாள். "வல்லூறு வேலைதான். வாலைப் புடிச்சிருக்கு, இவ வாலைக் குடுத்துட்டு வந்துட்டா. கெட்டிக்காரி" என்றாள். சங்கத்திலும் அதையே சொன்னாள். பேக்கரிக்காரர் எல்லோருக்கும் பன் கொடுத்துக் கொண்டாடினார். கணவன் இரண்டு பன் தின்றான். வாயில் பன் இருக்கும்போது உண்மை பேச முடியாது அல்லவா?

6

வல்லூறுக்காக யாரும் வக்காலத்து வாங்குவதில்லை. நான் வாங்குகிறேன்.

வாலைப் பிடுங்கியது அதுதான், மறுக்கவில்லை. அதற்கும் கூட்டில் குஞ்சு இருந்திருக்கும். மழை நாளில் அதற்கும் பசிக்கும். ஆனால் டீச்சர் குன்றையும் மழையையும் தாண்டி முழு வாலோடு வீடு வந்து சேர்ந்துவிட்டாள். வாசல் வரை வந்தவளைத் திருப்பி அதனிடம் அனுப்பியது ஒரு குடை. குடையைப் பிடித்திருந்த கை என் கை. அவன் கை இல்லை, கணவன் கை இல்லை. என் கை.

ஏழு வருடம் அவள் காத்திருந்த வெற்றியை, பதினேழாம் பக்கத்தில் ஒரு ஒற்று விட்டுப்போனதற்காகக் கெடுத்தேன். கெடுத்ததைவிட, "ஒண்ணும் வரலியே" என்று சொன்னதுதான் உறுத்துகிறது. புறா திரும்பி வந்த சந்தோஷத்தைக்கூட முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

ஆக, ஆண்டு மலருக்கு இது ஆகாது. இதுவரை எழுதிய ஆறு பகுதியையும் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் வைத்துவிட்டேன். அவள் கை துடைத்துக்கொண்டு தாள்களை எடுத்தாள், மாடிக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் கீழே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில்.

7

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தாள்கள் கூடத்து மேசை மேல் இருந்தன. எப்போது வந்து வைத்தாள் என்று தெரியவில்லை. புரட்டினேன். ஐந்தாம் பகுதியில் "இடுப்பில்" என்பதை அடித்து "வலது இறக்கைக்குக் கீழே" என்று திருத்தியிருந்தாள். ஆறாம் பகுதியில் வல்லூறின் குஞ்சுக்குப் பக்கத்தில் "அந்த மாதத்தில் குஞ்சு இருக்காது" என்று இருந்தது. நான்காம் பகுதியில், "இரண்டு பத்து" என்ற இடத்தில் ஒரு வட்டம். ஓரத்தில் பென்சிலால்:

"2.10 இல்லை. 2.07. படிக்கட்டு ஜன்னல்."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். படிக்கட்டின் நடுவில் ஒரு ஜன்னல் உண்டு. அங்கே நின்றால் கூண்டு வாசலும் தெரியும், ஸ்டூலும் தெரியும், ஸ்டூலில் குடை விரிப்பவனும் தெரிவான். "ஏதாச்சும் வந்துச்சா?" என்று அவள் கேட்டது எல்லாம் பார்த்த பிறகு. அதற்குப் பிறகும் ஆறு வாரம், சங்கத்தில் அத்தனை பேர் நடுவில், வல்லூறு வல்லூறு என்று என்னைக் காப்பாற்றியிருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை? நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாளா? மூன்று நாள் நான் மாடி ஏறி இறங்கியதைப் பார்த்துப் போதும் என்று விட்டுவிட்டாளா? கதை எழுதச் சொன்னதே இதற்குத்தானா? ஒரு நல்ல எழுத்தாளன் இதில் ஒன்றை எடுத்து, நாலு வரியில் கதையைக் கட்டிவிடுவான். நான் பிழை திருத்துகிறவன். எது சரி என்று தெரியாத இடத்தில் கை வைக்க மாட்டேன். நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயிலோடு வெயிலாகத் தூறல் போடுகிறது. மாடியிலிருந்து குரல் வருகிறது.

"ஏங்க! டீச்சர வெளிய விட்டிருக்கேன். புது வாலோட மொதத் தடவையாச் சுத்தறா, வந்து பாருங்க!"

"இதோ வரேன்!"

"குடையில்லாம வாங்க!"

சிரிக்கிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. கடைசிப் பத்திக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன், நிரப்பிக்கொள்ளுங்கள். நான் நனையப் போகிறேன்.