இரண்டும் வெள்ளை அரளி

மேட்டுப்பாளையம் ரயிலை ஒருமுறை தோள் துண்டை ஆட்டி நிறுத்தி, டிரைவரிடம் பீடிக்கு நெருப்பு வாங்கியிருக்கிறேன். பெரியநாயக்கன்பாளையத்தில் இதை நம்பாதவர் இல்லை. ஒருவன் மட்டும், "அன்னைக்கு ரயில் ஸ்டிரைக்குங்களே மச்சான்" என்பான். அவன் என் தங்கை ராசாத்தாளின் வீட்டுக்காரன் தம்பிதுரை.

தொண்ணூற்று மூன்றில் அவன் தொடையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கோயமுத்தூரில் கிழித்து, பாலியஸ்டர் நூலில் நெய்த குழாய் ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு, நாங்கள் டீ குடிக்கக் கூடும் பேக்கரியில் என் பேச்சு எடுபடவில்லை. அவன் வேட்டியை விலக்கித் தழும்பைக் காட்டினால் போதும், என்னைச் சுற்றி நின்ற கூட்டம் டீ கிளாஸோடு அவன் தொடைக்குப் போய்விடும்.

பொறுக்கவில்லை. ஒருநாள் சிரிக்காமல் சொன்னேன்: "அந்தத் துணிக் குழாய ஜெர்மனியில முப்பது எலிக்கு வெச்சுப் பாத்தாங்களாமா. முப்பதுக்கும் கேன்சருங்க. பேப்பர்ல போட்டிருந்தான்."

கூட்டம் திரும்பி வந்தது. தம்பிதுரை வேட்டியை இறக்கிவிட்டான்.

ரயிலை நம்பாதவன் எலியை நம்பிவிட்டான். ஆறு மாதத்துக்கொருமுறை போக வேண்டிய செக்கப்புக்கு இரண்டு வருஷமாகப் போகவில்லை. ராசாத்தாள் வந்து அழுதபோதுதான் எனக்கே தெரிந்தது.

"அண்ணா, தையல் போட்ட எடத்துல எலுமிச்சங்காயாட்ட வீங்கியிருக்குதுங்க. காலு சில்லுனு கெடக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, 'கேன்சர்னு அவங்க வாயால வேற கேக்கோணுமா'ங்கறாரு. மாகாளியம்மன்கிட்டப் பூக் கேட்டு, வெள்ளை வந்தாத்தான் போவாராமா."

வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் மடிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டிலும் வெள்ளையை வைத்தேன்.

தம்பிதுரை நொண்டிக்கொண்டு வந்து ஒன்றை எடுத்தான். வெள்ளை. கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். குனிந்து மற்றதையும் பிரித்தான்.

"ஏனுங்க மச்சான், ஆத்தாகிட்டயுமா?"

"எலிக் கதையும் பொய்தான் மாப்ளே. பேப்பருமில்ல, ஜெர்மனியுமில்ல. கூட்டம் உன்ற பக்கம் போச்சுங்கற வயித்தெரிச்சல்ல சொல்லிப்போட்டேன்."

"இப்பச் சொல்றதுதான் பொய்யி. என்னைய ஆஸ்பத்திரிக்குத் தள்ளோணும்னு சொல்றீங்க."

சூலத்தைத் தொட்டேன். "ரயிலும் நிக்கல மாப்ளே."

இருபது வருஷமாக அவன் கேட்டும் நான் ஒப்புக்கொள்ளாதது அது. அப்போதுதான் கிளம்பினான்.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்: "கேன்சர் இல்லீங்க. இந்தக் குழாயால கேன்சர் வந்தது விரல் விட்டு எண்ணற மாதிரிதான். இது தையல் விட்டு ரத்தம் கசிஞ்ச வீக்கம். குழாயும் அடைச்சுப்போச்சு. செக்கப்புக்கு வந்திருந்தா காலக் காப்பாத்தியிருக்கலாம். ஏன் வரல?"

நான் தரையைப் பார்த்தேன்.

"காட்டுல வெள்ளாமை வேலைங்க" என்றான் தம்பிதுரை.

முட்டிக்கு மேலே எடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு பேக்கரிக்கு வந்தான். என்னாச்சுங்க என்று யாரோ கேட்டார்கள்.

"சத்தியமங்கலத்துல புலி கவ்விப்போட்டுதுங்க. மச்சான் கூடத்தான் இருந்தாரு, கேட்டுப் பாருங்க."

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"சொல்லுங்க மச்சான்" என்றான், சிரிக்காமல். "புலி எத்தன அடி?"

வாயைத் திறந்தேன். எனக்கு எலிதான் கண்ணுக்குத் தெரிந்தது.