யார் முறை என்று எழுதும் இடம்

அந்தத் தெருவில் கரண்ட் போனால் வயர்மேன் செபஸ்தியான் வந்து, வீட்டு ஆட்களை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடிவிடுவார். கரண்ட் வந்ததும் அவரவர் இடத்தில் நிறுத்திவிடுவார். அதற்காக, கரண்ட் போகப்போகிறது என்று சங்கு ஊதியதுமே வீட்டுக்கு ஒருத்தர் வாசல் கதவில் சாக்பீஸால் ஒரு வரி எழுத வேண்டும். செஸ் ஆட்டம் நிற்கிற நிலையைக் கம்ப்யூட்டருக்கு எழுதுவார்களே, அதே மாதிரிதான். அடுப்படியிலிருந்து வாசல்வரை எட்டு வரிசைத் தரைக்கல். ஆள் நிற்கிற கல்லுக்கு ஆளின் முதலெழுத்து. வெறுங்கல் எத்தனையோ, அந்த எண். கடைசியில், அடுத்து யார் முறை என்பது.

ஜெயராணி உலை கொதிக்கிற நேரத்துக்குள் எழுதி முடிக்கிறவள். அன்றைக்குத்தான் கை கூசியது.

அவள் புருஷன் இருளப்பன் வாசலோரக் கல்லில் உட்கார்ந்து ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தான். மாட்டத் தெரியவில்லை. விருந்துக்கு வந்த அவன் அக்காவும் மாமாவும் பார்க்க, "எங்கப்பா வீட்டு எருமைக்குக்கூட இதைவிட வெவரம் உண்டு" என்று ஜெயராணி சொல்லிவிட்டாள். அவர்கள் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்கள்.

"வந்தவங்க முன்னாடி இப்படிச் சொல்லலாமா, ஜெயா?" என்றான் அவன்.

சங்கு ஊதியது. முறை அவளுடையது. அவள் வரியின் கடைசியில், இருளப்பன் முறை என்று, 'இ' எழுதிவிட்டாள்.

கரண்ட் வந்ததும் செபஸ்தியான் வரியில் உள்ளபடியே நிறுத்தினார். சொல்ல வேண்டியதை ஏற்கெனவே சொல்லிவிட்ட இருளப்பனுக்கு இன்னொரு முறை வந்துவிட்டது. ஃபேன் இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தப்பு என் மேலதான் போல" என்றான்.

ஜெயராணி ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள். இப்போது நிஜமாகவே அவள் முறை. அவர்கள் மகள், ஒன்றரை வயதுக் கயல், ஏழாவது வரிசையில் நின்றிருந்தது.

"நீ போய் அப்பாகிட்ட சொல்லு, கண்ணு."

கயல் ஒரு கல் முன்னால் அடி வைத்தது. செஸ் சிப்பாய் மாதிரி, கடைசி வரிசைக்குப் போன பிள்ளை பெரிய ஆளாகிவிடும். கயலும் ஆனாள். பச்சைச் சேலை கட்டி, அம்மாவைவிட அரையடி உயரமாக நின்றாள்.

"அம்மா என்ன சொல்லிவிட்டா?"

"ஒண்ணும் சொல்லிவிடலப்பா. என்னையத்தான் அனுப்பிவிட்டாங்க."

இருளப்பன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். "அவ்வளவுதானா, ஜெயா?"

மறுபடி சங்கு. ஜெயராணி சாக்பீஸை எடுத்தாள். கயல் கையை நீட்டி, "குடும்மா, நான் எழுதுறேன்" என்றாள். அழகான கையெழுத்து. கடைசியில் 'ஜெ' என்று எழுதினாள்.

செபஸ்தியான் பெட்டியைப் பார்த்தார், கயலைப் பார்த்தார். "பாப்பா வளந்துட்டுது. மூணு பேருக்கு இடம் பத்தாது. உன் முறைதான தாயி, நீ வெளிய நின்னு யோசி." மற்ற இருவரையும் உள்ளே வைத்து மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஜெயராணி தன் கல்லிலேயே நின்றாள். பிறகு போய்க் குனிந்து, மூடியின் மேல் வாயை வைத்து, "தப்பு என்னுதுதாங்க" என்றாள்.

உள்ளே யாரோ நகர்ந்து இடம்விடும் சத்தம் கேட்டது.

கதவில் 'ஜெ'யை அழித்து 'இ' என்று எழுதிவிட்டு வந்து, சேலையைத் தூக்கிச் செருகி, மூடியைத் திறந்து ஒரு காலைப் பெட்டிக்குள் வைத்தாள்.