சாய்வு மைனஸ் ஒன்று

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை காலை கணக்கு வாத்தியார் எமனைப் பிடித்து ஒரு சமன்பாட்டுக்குள் அடைத்துவிட்டார். கண்டு களித்தவர்கள் இருவர்: படுக்கையில் அவர் மனைவி, ஸ்டூலில் லிப்ட் மெக்கானிக்கான மைத்துனன்.

நோயில் மனைவியின் எடை வாராவாரம் இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் வாரம் கடைசி மருந்து. நாற்பது கிலோவுக்குக் கீழே போனால் அதை ஏற்ற முடியாது, வேறு வழியும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாத்தியார் வேறென்ன செய்வார்? பீரோ கதவில் கிராப் தாளை ஒட்டிப் புள்ளி வைத்தார். அவர் வகுப்புப் பிள்ளைகளைப் போலன்றிப் புள்ளிகள் ஒழுங்காக வரிசையில் நின்றன. ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தார்.

“பாருடா. கோடு செங்குத்து அச்சை வெட்டுற இடம் அம்பது. வலப்பக்கம் ரெண்டு கட்டம் போனா, கீழே ஒரு கட்டம் எறங்குது. சாய்வு மைனஸ் அரை. y = 50 − x/2. பன்னிரண்டாம் வாரம் நாப்பத்திநாலு. தாராளம்.”

“ஏதோ புரியுது மச்சான்” என்றான் மைத்துனன். புரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

“என்னங்க, xக்கு ஆறு போட்டுப் பாருங்க” என்றாள் மனைவி.

போட்டார். நாற்பத்தேழு.

“இது ஆறாவது வாரம். இன்னைக்கு நான் நாப்பத்திநாலுதானே?”

“எடை மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும்.”

“அதைச் சொல்லாதீங்க. மேலே போற அச்சுல ஒரு கட்டத்துக்கு ரெண்டு கிலோன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. கட்டத்தை மட்டும் எண்ணிட்டீங்க. முன்னறையில உங்க டியூஷனைக் கேட்டுக் கேட்டு எனக்கே தெரியும். இதுக்கு எத்தனை பிள்ளைங்களுக்கு முட்டை போட்டிருப்பீங்க.”

வாத்தியார் அழித்து எழுதினார். சாய்வு மைனஸ் ஒன்று. y = 50 − x. அடுத்து xக்குப் பன்னிரண்டு போட வேண்டும். அவர் போடவில்லை. மெக்கானிக் உட்பட மூவரும் மனதுக்குள் போட்டுவிட்டார்கள்.

“மச்சான், கோட்டைக் கொஞ்சம் மேலே வளைக்க முடியாதா?”

“முடியும்டா” என்றாள் அக்கா. “சாப்பாட்டைக் கொண்டா.”

அன்றிலிருந்து வாந்தியை அடக்கிக்கொண்டு சாப்பிட்டாள். வாத்தியார் ஊட்டிவிட்டார். கோட்டை விட்டுப் புள்ளி விலகினால் காதைத் திருகிப் பழகிய மனிதர், வாராவாரம் பென்சிலோடு பீரோ முன் நின்று, ஒரு புள்ளியாவது விலகாதா என்று பார்த்தார்.

பன்னிரண்டாம் வாரம் மெஷின் முப்பத்தெட்டு காட்டியது. சமன்பாடு சரி.