ஏழு மணிக்கு முன்னால்

காய்கறிச் சந்தையில் ஏலம் கூவிய மனிதருக்கு 'மைக்செட்' என்றுதான் பெயர். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்டவர், நுரையீரல் கெட்டுப்போன பிறகு, வெளியூரிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடும் மகளிடம் "ம்", "சரி", "வை" என்று மூன்றே வார்த்தையில் பேச்சை முடித்தார்.

மகளுக்குச் சுருக்கென்று தைத்தது. "இங்கயே வந்துடும்மா" என்று அவர் கேட்டு, வேலையை விட முடியாது என்று அவள் சொன்னதிலிருந்துதான் இப்படி. இருக்கட்டும், எனக்கும் ரோஷம் உண்டு என்று கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்தவள்.

பக்கத்து வீட்டுக்காரர் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தகவல் சொன்னதும் அடித்துப்பிடித்து வந்தாள். அவர் பாதி நினைவில்தான் கிடந்தார். வீட்டில் இருந்தபோது அவர் நெஞ்சில் ஒட்டிக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த சென்சார் ஒவ்வொரு மூச்சையும் பதிந்து வைத்திருந்தது. டெக்னீஷியன் பெண் அதைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். கோடு கன்னாபின்னாவென்று ஏறி இறங்கியது.

"இங்க மட்டும் சீரா போகுது பாருங்கக்கா. மெதுவா, நீளமா விடுறார். உதட்டைக் குவிச்சு விடுற மூச்சு. கஷ்டமான வேலைக்கு முன்னாடி இப்படிச் சேர்த்து வெச்சுக்கங்கன்னு நாங்கதான் சொல்லிக்கொடுத்தோம். ஆனா அப்புறம் ஒரு வேலையும் செஞ்ச மாதிரி தெரியலை. தினமும் இதே கதைதான். அந்த நேரத்துல அவருக்கு என்ன வேலை?"

"எத்தனை மணி?"

"ஏழுக்குக் கொஞ்சம் முன்னாடி."

அவள் திரையில் தேதிகளைப் பார்த்தாள். எல்லாம் அவள் கூப்பிடாத நாட்கள். மூன்று வார்த்தைக்காக மூச்சைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அதைப் போய்க் கோபம் என்று நினைத்தாளே, பாவி! மூச்சு வாங்குகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வாரா? சந்தையையே கட்டியாண்ட தொண்டை அல்லவா!

சாயங்காலம் கட்டிலருகே குனிந்து, "அப்பா, வந்துட்டேன்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவருக்கு ஏறவில்லை. ஜன்னல் வெளிச்சம் மங்கியதும் ஆக்சிஜன் குழாய்க்குக் கீழே அவர் உதடு குவிந்தது. மெல்ல ஊதினார். கை மேஜைமேல் ஃபோனைத் தேடியது. பக்கத்தில் இருக்கும் மகளைத் தெரியவில்லை, அவள் கூப்பிடும் நேரம் தெரிந்திருக்கிறது.

"சிஸ்டர், அப்பாவோட ஃபோனைக் கொஞ்சம் அவர் காதுல வெச்சுப் பிடிங்க" என்று கெஞ்சிவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். அங்கிருந்து கூப்பிட்டாள்.

"ம்" என்றார்.

"நீங்க பேச வேண்டாம்பா. நானே பேசுறேன்."

பஸ்ஸில் சில்லறைக்குப் போட்ட சண்டை, மேனேஜர் வாங்கிய புது விக், அடிபிடித்த குக்கர் என்று வாயில் வந்ததையெல்லாம் அழுகையோடு கொட்டினாள். "சரி" என்றார் ஒருமுறை. அடுத்தது 'வை'தான் என்று பயந்து, மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனாள்.

அவர் 'வை' என்று சொல்லவே இல்லை. நர்ஸ்தான் சொன்னாள்: "ஃபோனை வெச்சுட்டு உள்ள வாங்கம்மா."