கை கால் கட்டிய நீச்சல்

எபினேசர் கைகளைப் பின்னால் சேர்த்து வைத்துக்கொண்டு, "கட்டுக்கா" என்றான். அக்கா ஹெலன் கயிற்றை இரண்டு முறை சுற்றிப் பார்த்தாள். முடிச்சு விழவில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர் அவள். நாற்பது பெண்களை அதட்டி வேலை வாங்குகிறவள். ஆனால் லீவில் வந்த தம்பி, அம்மா காதில் விழாமல் மொட்டைமாடியில் விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறு வருடமாகக் கடற்படையில் இருக்கும் எபி, கடல் கமாண்டோ படைக்குப் பெயர் கொடுத்திருந்தான். தேர்வில் கையையும் காலையும் கட்டி நீச்சல்குளத்தில் இறக்கினார்கள். அடிக்குப் போய், தரையை உதைத்து மேலே வந்து, ஒரு மூச்சு வாங்கி மறுபடி இறங்க வேண்டும். நான்காவது முறை பயம் பிடித்துக்கொண்டது. மூக்கில் தண்ணீர் ஏறியது. பயிற்சியாளர்கள் குதித்து இழுத்துப் போட்டார்கள்.

"இப்ப அந்தப் படைய பெருசு பண்றாங்கக்கா. ஆளு ஜாஸ்தி வேணும். அதான் எனக்கு இன்னொரு சான்ஸ். ஆனா டெஸ்ட்ட மட்டும் கொஞ்சம்கூட கம்மி பண்ல."

"ஃபெயிலானா இன்னாடா? கப்பல்லயே இருந்துட்டுப் போ."

"கப்பல் மேல நின்னாலும் தண்ணியப் பாத்தா பயமா இருக்குதுக்கா. இத வச்சிக்கினு எப்டி வேல செய்யறது?"

கை கால் கட்டிப் பழகத் துணைக்கு வரச் சொன்னான்; அதற்கு மேல் அவளால் மறுக்க முடியவில்லை. ஒடுகத்தூர் பக்கம் தெரிந்தவரான அருணகிரியின் நிலத்தில் ஒரு கிணறு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் அங்கே போனார்கள். நீச்சல் பழக வந்ததாகத்தான் அவரிடம் சொன்னார்கள். அவர் கிணற்றைக் காட்டிவிட்டு வேர்க்கடலைக் காட்டுக்குப் போய்விட்டார்.

தண்ணீர் இரண்டு ஆள் உயரம் கிடந்தது. கையும் காலும் கட்டியிருந்த எபியின் இடுப்பில் இன்னொரு கயிறு. மறுமுனை, கடைசிப் படியில் நின்ற ஹெலனின் கையில். ஆபத்து என்றால் அவள் இழுக்க வேண்டும்.

முதல் முறை மேலே வந்தான். இரண்டாம் முறையும் வந்தான். மூன்றாம் முறை வரவில்லை.

ஹெலன் கயிற்றை இழுத்தாள். அது அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். அப்போதுதான் அவன் முகம் தெரிந்தது. தண்ணீருக்கு ஒரு சாண் கீழே, கண் திறந்தபடி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே வர முடியாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"எபி! அருணகிரிண்ணே! யாராச்சும் வாங்களேன்!"

அவளுக்கு நீச்சல் தெரியாது. இன்னும் வேகமாக இழுத்தாள். அவன் முகம் இன்னும் கீழே போனது. கயிறு, கிணற்றுக்குள் இறங்கிய மோட்டார் குழாயின் அடியில் மாட்டியிருந்தது. இழுக்க இழுக்கத் தம்பியைத் தானே கீழே இழுக்கிறாள் என்பது அவளுக்கு உறைத்தது. வேண்டாம் என்றுதான் அவன் தலையாட்டியிருக்கிறான்.

"ஏசப்பா!" என்று கயிற்றை விட்டாள்.

எபி மேலே வந்தான். மூச்சை இழுத்தான், கிணறே எதிரொலித்தது.

அவனைப் படிக்கு இழுத்துப் போட்டுக் கட்டை அவிழ்த்ததும் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு ஓடி வந்த அருணகிரி, "இன்னாம்மா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று கத்தினார்.

எபிக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. "செத்துட்டேன்னு நெனச்சேன்க்கா. ஆனா திமிறல. மூச்ச உடாம இருந்தேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கயிறு இல்லாம இன்னொரு வாட்டி" என்றான்.

நீந்தத் தெரிந்த அருணகிரியைத் தண்ணீரில் இறங்கி நிற்கச் சொன்ன பிறகே ஹெலன் சம்மதித்தாள். அன்று எபி பத்து முறை மேலே வந்தான். ஒவ்வொரு முறையும் அவன் தலை தெரிகிறவரை அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நின்றாள்.

லீவு முடிந்து போனவன், மூன்று வாரம் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தான்.

"பாஸ்க்கா!"

கேன்டீனில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "அடுத்தது இன்னாடா?"

"இனிமே கடல்லதான்க்கா ட்ரெயினிங்."

சாயங்காலம் அம்மாவை உட்கார வைத்துக் கிணறு உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா எபியின் போட்டோவை எடுத்து முந்தானையால் துடைத்தாள். பிறகு, "கடலு எவ்ளோ ஆழம்டி இருக்கும்?" என்று கேட்டாள்.