நண்டறைக்கு வெட்டிய யன்னல்

ஊர்காவற்றுறைத் தீவில் காற்றுக்குப் பஞ்சமில்லை. கடலோரமாகச் சைக்கிளில் வந்தால் ஆளையே சரித்து விழுத்தும். ஆனால் நண்டுக் கொம்பனியின் சதை எடுக்கும் அறைக்குள் அது நுழையாது. அவித்த நண்டை உடைத்துச் சதை பிரிக்கிற இடம். ஈ வரக்கூடாது, குளிர் போகக்கூடாது. முப்பது பெண்கள் தோளோடு தோள் இருந்து, ஒருத்தி விட்ட மூச்சை மற்றவள் இழுத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

அந்த அறையில்தான் மேனுகா மாதக்கணக்கில் இருமினாள். குளிரால் என்றார்கள். பிறகு சளியில் இரத்தம் வந்தது. சயரோகம்; அவளை வேலையால் நிற்பாட்டினார்கள்.

அவளுக்குப் பக்கத்துக் கதிரை சிவரூபியுடையது. பரிசோதித்ததில் சிவரூபிக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அவளுக்கு நிம்மதி வரவில்லை. வீட்டில் எட்டு மாதப் பிள்ளை. வேலையால் போனதும் முகம் கழுவிச் சட்டை மாற்றிய பிறகும், பிள்ளையைத் தூக்கப் பயந்து படியில் நிற்பாள். கழுவினால் போகிற சாமானில்லை அது என்று அவளுக்குத் தெரியும். வேலையை விடவும் ஏலாது. அந்தத் தீவில் ஒரு பெண்ணுக்கு வருசம் முழுக்கக் கிடைக்கிற வேலை வேறில்லை.

சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார்.

"இதென்ன, அறையோ போத்தலோ? காத்து ஒரு பக்கத்தால வந்து மற்றப் பக்கத்தால போகவேணும்."

கிழக்கே, உடைத்த நண்டோட்டைக் கொட்டுகிற கோதுக் கிடங்கு; அந்தப் பக்கம் திறந்தால் ஈ மொய்க்கும். மனேஜர் சசிகரன் மேற்குச் சுவரை மட்டும் வெட்டி, வலை அடித்து ஒரு யன்னல் வைத்தான். வாங்குப் பலகையில் ஏறி அதை முதலில் திறந்தவள் சிவரூபி. அன்றைக்கு வீட்டுக்குப் போய் யோசிக்காமல் பிள்ளையைத் தூக்கினாள்.

அது பங்குனி மாதம். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பியது. வலைக் கண்ணால் மணல் மாவாக வந்து தட்டுகளில் படிந்தது. வெளிநாட்டுக்குப் போன சதை முழுக்கத் திரும்பி வந்தது. கடித்தால் பல் நறநறக்கிறதாம்.

யன்னலைப் பூட்டச் சொன்னாள் மேசைக்கு மூத்தவள் இராசேஸ்வரி.

"சிவரூபி, உம்மட காத்தை வீட்ட கொண்டுபோய்ப் பிள்ளைக்குப் பருக்குமன். எங்களுக்கு வேலை வேணும்."

"பூட்டினால் திரும்ப ஆருக்கோ வருமக்கா."

"வருத்தக்காறி போயிட்டாள். இனி ஆரிட்டையிருந்து வரப்போகுது?"

"அது தெரிஞ்சால் நான் ஏன் கத்திறன்?"

எல்லோரும் சிரித்தார்கள். காற்றை வடிகட்டி உள்ளே விடுகிற மெசின் ஒன்றுக்குக் கொழும்புக்கு எழுதியிருப்பதாகச் சசிகரன் சொன்னான். மெசின் வரவில்லை. யன்னலைப் பூட்டி ஓரங்களுக்கு ஒட்டுநாடா ஒட்டினார்கள். நுனியைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவள் சிவரூபி. பிடித்தாள்.

ஆவணியில் மேனுகா திரும்பி வந்தாள். குளிசை வேலை செய்கிறது, இனி அவளிடமிருந்து எவருக்கும் தொற்றாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பெண்கள் விடவில்லை. டொக்டரை வந்து பக்கத்தில் இருக்கச் சொல் என்றார்கள். சசிகரன் அவளைக் கோது அள்ள விட்டான். கிடங்கடியில், சோழகம் பாவாடையை அடிக்க, மேனுகா தனியே நின்று அள்ளினாள். வெயிலில் கறுத்திருந்தாள். ஆனால் நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

உள்ளே, கடைசி மேசையில் ஒருத்தி செருமத் தொடங்கிக் கிழமைகள் ஆகியிருந்தன.

"ஏசிக் குளிர்," என்றாள் இராசேஸ்வரி.

சிவரூபி எழுந்து சசிகரனிடம் போனாள்.

"சேர், என்னையும் கோது அள்ள விடுங்கோ."

"விசரோ உமக்கு? அந்த நாத்தத்துக்கு ஆரும் கேட்டு வாறதோ?"

"பரவாயில்லை."

"ஏன், உமக்கு என்ன வருத்தம்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாத ஆக்களுக்கு உள்ளுக்குத்தான் வேலை. வருத்தக்காறரைத்தான் வெளியில விடுறனான். போம், போய் இரும்."

சிவரூபி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.